கெடார் கிணற்றுப் பேய்

"வெளியில வா முனியம்மா. அடிபடறது எங்கம்மா, ஆட்டம் போடறது நீயா?"

பட்டப்பகலில் கிணற்றை எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள் தையல்நாயகி. வயது பதிமூன்று. பள்ளிக்கூடத்துக்கென்று தன் ஊர் வல்லத்திலிருந்து புறப்பட்டவள், கிடைத்த மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு கெடார் வந்து சேர்ந்திருந்தாள். தோளில் புத்தகப் பை. பைக்குள் மலையனூர் அங்காளம்மன் குங்குமம், ஒரு கொத்து வேப்பிலை, விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஆணி. பேயோடு சண்டை போடக் கிளம்பியவள் வெறுங்கையோடு வருவாளா?

கிணற்றுக்குள்ளிருந்து அவள் குரலேதான் திரும்பி வந்தது. அதையும் முறைத்துப் பார்த்தாள்.

பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"யாரைம்மா கூப்புட்ற?"

"இந்தக் கிணத்துப் பேயைத்தாங்க்கா. முனியம்மான்னு பேரு. ரொம்ப வருசத்துக்கு முன்னால இதுல குதிச்சி செத்துட்டாளாம்."

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கிணற்று மேட்டில் மெள்ள உட்கார்ந்தாள்.

"அவ உன்னை என்ன பண்ணா?"

"என்ன பண்ணலன்னு கேளுங்க. ஆனி மாசம் எனக்கு நிச்சயம் பண்ண வந்தாங்க. தாம்பாளத்தைக் கையில வாங்கறப்ப எங்கம்மா மேல ஏறிட்டா. 'நான் கெடார் கிணத்துல குதிச்ச முனியம்மாடா, இவ கழுத்துல எவன் தாலி கட்டினாலும் அன்னைக்கே ரத்தம் கக்குவான்'னு ஒரே கூச்சல். தலைய விரிச்சிப் போட்டுக்கினு எங்கப்பாவை ஓங்கி ஒரு அறை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செருப்பைக்கூட எடுக்காம ஓடிட்டாங்க."

"மாப்பிள்ளை யாரு?"

"எங்கப்பாவோட பங்காளிக்கு மச்சான். முப்பத்தஞ்சு வயசு. ரெண்டாந்தாரம்." இதைச் சொல்லும்போது மட்டும் தையல்நாயகியின் குரல் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது. "அதை உடுங்க. எங்கம்மா வாயத் தொறந்து பேசாதுக்கா. அப்பா முன்னால தலை நிமிராது. அதைப் போயி இவ புடிச்சிக்கினா பாருங்க. ஆம்பளை யாரையாவது புடிக்கறதுதானே?"

"உங்கப்பா சும்மாவா இருக்காரு?"

"பேயோட்டற பம்பைக்காரனைக் கூட்டிக்கினு வந்தாரு. ஒவ்வொரு அமாவாசைக்கும் நடுவாசல்ல உக்கார வச்சி சாட்டையால அடிக்கறான். ஊரே சுத்தி நின்னு பொரிகடலை தின்னுக்கினு வேடிக்கை பாக்குது. கேட்டா, பேயைத்தான் அடிக்கறானாம். பேய்க்கா முதுகு கிழியுது? போன அமாவாசைக்கு அப்புறம் மூணு நாளு குப்புறப் படுத்துக்கினு கெடந்துச்சி. நான்தான் மஞ்சளை அரைச்சிப் போட்டேன்."

ஆத்திரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அடிக்கிறவன் மேல் ஆத்திரம், பார்க்கிறவர்கள் மேல் ஆத்திரம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடி விழ விழ, "போகமாட்டேன்டா, இவளுக்குக் கல்யாணம் பேசறதை நிறுத்தறவரைக்கும் போகமாட்டேன்" என்று அம்மாவின் வாயால் கத்துகிற அந்தப் பேய் மேல் ஆத்திரம்.

"இன்னொரு பேஜாரும் இருக்கு. வீட்ல இருந்தா என் மேலயும் ஏறிடுவாளாம். அதுக்குப் பயந்துக்கினு, நிறுத்தி வச்சிருந்த என்னைத் திரும்பவும் இஸ்கூலுக்கு அனுப்பிட்டாரு எங்கப்பா. இஸ்கூல்ல எல்லாரும் என்னைப் பேய் பொண்ணுன்னு கூப்புடறாங்க."

"எத்தினியாவது படிக்கற?"

"எட்டாவது." படிப்பைப் பற்றிப் பேசவா வந்தாள்? "நாளைக்கு அமாவாசை. இந்த வாட்டி தலைமுடியை மரத்துல வச்சி ஆணி அடிக்கப் போறானாம், பழுக்கக் காச்சின கம்பியும் வைப்பானாம். எங்கப்பா கெடார் எல்லையை மிதிக்கவே பயப்படறாரு. அதான் நானே வந்துட்டேன். இவளா இறங்கிப் போயிட்டா எங்கம்மா தப்பிச்சிக்கும்."

"அவ போயிட்டா உனக்குக் கல்யாணம் ஆயிடுமேம்மா."

"ஆவட்டும். அந்த ஆளையே கட்டிக்கறேன். எங்கம்மா அடி வாங்கக் கூடாது."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழக் கூடாது என்றுதான் வந்திருந்தாள், ஆனால் கண் கேட்கவில்லை. அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

"உங்கம்மா பேரு என்ன?"

"வெள்ளையம்மா. இந்த ஊர்ல பொறந்ததுதான். தாத்தா செத்தப்புறம் இங்க வரப்போக இல்ல."

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"கத்திக் கூப்பிட்டியே, நான்தான் அந்த முனியம்மா."

தையல்நாயகி துள்ளிப் பின்னால் போனாள். பையிலிருந்த ஆணியை உருவி நீட்டினாள். "கிட்ட வராத. குத்திடுவேன்."

முனியம்மா நிற்கவில்லை. ஆணி பிடித்த கையோடு சேர்த்துப் பிடித்து, அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். கன்னம் சூடாக இருந்தது. வேர்வையும் கொல்லை மண்ணும் கையில் ஒட்டின.

"குதிச்சது நெசந்தான்டி கண்ணு. உன் வயசுல என்னைக் கெழவனுக்குக் கட்டி வச்சாங்கன்னு குதிச்சேன். பின்னாலயே குதிச்சி, தலைமுடியைப் புடிச்சி இழுத்து, என்னை உசுரோட கரையேத்தினவளே உங்கம்மா வெள்ளையம்மாதான்."