புது இன்சுலின்

“கிருமியிலை செய்த மருந்தையோ எனக்கு ஏத்தப்போறியள்? நான் மச்சம் மாமிசம் தொடாத சைவக்காரியப்பா!” நாகபூசணி கையை இழுத்துக்கொண்டாள்.

கணவர் பரமலிங்கம் லண்டனிலிருந்து மகன் எழுதிய கடிதத்தைப் பார்த்தார். “மனிசன்ரை இன்சுலின் மரபணுவைக் கிருமிக்குள்ளை வைச்சால், அது மனிச இன்சுலினையே செய்து தருமாம். அதைச் சுத்தமாப் பிரிச்செடுக்கினமாம். கிருமி வராது.”

“பத்து வருசமாப் போட்ட மருந்துக்கு என்ன குறை?”

“ஒரு குறையுமில்லை. ஆனா பழையது இனி வராதாம், இதுதான்.”

அவள் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். “இதிலை லேபிள் இருக்கு. பழையதுகளிலை ஒருநாளும் நான் காணேல்லையே?”

பரமலிங்கம் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

‘மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது’ என்ற லேபிளை வாசல் படலையடியிலேயே சுரண்டி எறிந்துவிட்டுத்தான், பத்து வருடமும் அவர் போத்தலோடு வீட்டுக்குள் வந்திருந்தார்.