வழி தவறியவர்

"மன்சூர் அலிக்கு ஃபோர்மன் வேலை கொடுப்பது உசிதமல்ல" என்று எழுதி முடித்து, மகாதேவன் பேனாவை மூடினார்.

காபியுடன் வந்த ஷ்யாமளா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, அவர் கெட்டிக்கார ஃபிட்டர்னு நீங்கதானே சொல்லிண்டிருந்தேள்?"

"கை வேலையில ஒரு குறையும் இல்லை. பொறுப்புதான் கிடையாது. மானேஜர் என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கார். இருக்கறதைத்தானே எழுதணும்?"

"அயர்லாந்துல தொலைஞ்சு போனாரே, அதை வெச்சா?"

"உனக்கு முழுசாத் தெரியாது. உட்காரு, சொல்றேன்."

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. புது மெஷின்களைப் பழகி வர, பம்பாய் மில்லில் சூப்பர்வைசர் மகாதேவனையும் ஃபிட்டர் மன்சூரையும் ஆறு மாதம் பெல்ஃபாஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் மாட்டுங்கா, மற்றவர் தாராவி. ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இருவரும் ஊர் சுற்றிக் காட்டும் பஸ் ஒன்றில் ஏறினார்கள்.

"கைடு வாய் ஓயாம பேசிண்டே வந்தான். வழியெல்லாம் பச்சைப் பசேல்னு மேடு, கல்லை அடுக்கி வேலி. மண்ணைக் கட்டி கட்டியா வெட்டி, வறட்டி மாதிரி காயவெச்சு அடுப்பெரிக்கறா. நடுரோட்டுல ஆட்டு மந்தை வந்தா பஸ் நின்னுடும், யாரும் கோவிச்சுக்கறதில்லை. மூணு மணிக்குக் கடலோரம் இறக்கி விட்டான். செங்குத்தான பாறை. கீழே பார்த்தா நேரே கடல்தான். விசில் ஊதினா வந்துடணும்னான்."

"அப்புறம்?"

"விசில் ஊதறச்சே மூடுபனி வந்துடுத்து. பக்கத்துல நிக்கறவா முகம் தெரியலை. எண்ணிப் பார்த்தா ரெண்டு பேர் குறையறா. ஒண்ணு மன்சூர். இன்னொண்ணு மிஸஸ் டோலன்னு வயசான ஒரு அம்மா. பிள்ளை, மாட்டுப்பொண்ணோட வந்தவ."

"ஐயோ!"

"கைடு தொண்டை கிழியக் கத்தறான். அலைச் சத்தம்தான் கேக்கறது. இவன் பெண்டாட்டி ரஷீதாவுக்கு என்ன பதில் சொல்லப் போறேன்னு எனக்கு அதே யோசனை. முக்கால் மணி கழிச்சு, அந்த அம்மா இவன் கையைப் பிடிச்சு அழைச்சிண்டு வரா. இவன் சிரிச்சிண்டே, 'மீ லாஸ்ட், மதர் ஃபைண்ட் மீ'ங்கறான்!"

"உசிரோட வந்தாரே, அதுவே பெரிசில்லையா?"

"பஸ் பூரா அந்த அம்மாவுக்குக் கை தட்டித்து. மாட்டுப்பொண் ஓடி வந்து கட்டிண்டா. எனக்குத்தான் தலை நிமிர முடியலை. 'உங்க ஆளுக்கு மணி பார்க்கத் தெரியாதா'ன்னு ஒருத்தன் கேட்டுட்டான். எழுபது வயசுக்காரி தேடிப் பிடிச்சிண்டு வர வேண்டிய ஆளை நம்பி, நாப்பது பேரை ஒப்படைக்க முடியுமா?"

கப்பலில் மூன்று வாரமும் அவர் மன்சூரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மில்லுக்கு வந்ததும் நடந்ததை நாலு பேரிடம் சொன்னார். அன்றிலிருந்து மன்சூரைக் கண்டால் 'மதர் ஃபைண்ட் மீ' என்று கூவாத ஆள் இல்லை.

வாசலில் யாரோ இருமினார்கள். மன்சூரேதான்.

மகாதேவன் தாம் எழுதிய காகிதத்தை அவசரமாக நியூஸ் பேப்பருக்கு அடியில் தள்ளினார்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்ணுதேன் ஸார். மில் விலாசத்துக்கு எனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. எங்க சால்ல குடியிருக்கவங்கள்ல படிக்க ஆள் இல்ல."

"உள்ள வாங்கோ, உட்காருங்கோ" என்றாள் ஷ்யாமளா. அவர் வாசற்படி பக்கமாகவே நின்றார்.

மகாதேவன் உறையைப் பிரித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"'அன்புள்ள மிஸ்டர் அலி, உங்கள் விலாசத்தை அந்த பெல்ஃபாஸ்ட் கம்பெனியில் கேட்டு வாங்கினேன். அன்று வழி தவறியது...'"

நிறுத்தினார். அந்த வரியை மறுபடி ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"'வழி தவறியது நான். பாறை விளிம்பில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் உட்கார்ந்து அழுதேன். என் அழுகையைக் கேட்டுப் பனிக்குள் தவழ்ந்து வந்து என்னைப் பிடித்தவர் நீங்கள். இனி ஒரு தடவை வழி மறந்து நின்றால் முதியோர் விடுதியில் விட்டுவிடுவதாக மகன் சொல்லியிருந்தான். அதை உங்களிடம் புலம்பினேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது என்று நினைத்தேன். பஸ் பக்கத்தில் வந்ததும் நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான், எல்லாமே புரிந்திருக்கிறது என்று தெரிந்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், எங்கள் அத்தை ஓர் இந்தியரைக் காப்பாற்றியவர் என்று மருமகள் பெருமை அடிக்கிறாள். விடுதிப் பேச்சே இல்லை.'"

ஷ்யாமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்காங்களா! அது போதும் ஸார்" என்று மன்சூர் பெருமூச்சு விட்டார்.

மகாதேவன் பேப்பருக்கு அடியிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். நல்ல வேளை, தபாலில் சேர்க்கவில்லை.

"நாளைக்கே மில்லுல ஒருத்தர் விடாம இதைச் சொல்றேன், மன்சூர்!"

மன்சூர் பதறிப்போய் உள்ளே வந்துவிட்டார்.

"வேண்டாம் ஸார்! அந்தக் கம்பெனி ஆளுங்க நம்ம மில்லுக்கு வந்து போறாங்கல்லா. வாய் மாறி வாய் மாறி அந்த மருமவ காதுக்குப் போயிரும்."

"அதுக்காக எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கணுமா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க ஸார். அதுக்காக ரஷீதா என்னைய வீட்டை விட்டு அனுப்பிருவாளா, என்ன?"