எழுவதற்கான நிபந்தனைகள்

அவர் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த சைக்கிள் பிரேக் பிடியை அழுத்தினார்.

இருக்கை மெல்ல மேலே வந்தது. முழங்கால்கள் நிமிர்ந்தன. இரண்டு வருடத்தில் முதல்முறையாக, யாரும் தோள் கொடுக்காமல், நின்றார்.

"எப்பா! நிக்கியளே!"

நாளை மணப்பெண்ணாகப் போகும் சின்ன மகள் மருதாணிக் கையோடு குதித்தாள்.

நாற்காலியைச் செய்த பெரிய மகள் தரையில் மண்டியிட்டு அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிபந்தனைகளை அவர்தான் போனில் சொல்லியிருந்தார். சத்தம் வரக் கூடாது. ஆஸ்பத்திரிச் சாமான் போலத் தெரியக் கூடாது. சம்பந்தி மண்டபத்துக்குள் வரும்போது, அவர் தானாக எழ வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தது. அவர் முகம் மட்டும் மலரவில்லை.

"கும்பிடக் கை எங்கட்டி இருக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கைகளும் கைப்பிடிகளைப் பற்றியிருந்தன.

எடை கேட்டிருந்தாள். முழங்கால் உயரம் கேட்டிருந்தாள். இதைக் கேட்கவில்லை.

"நீங்க சொல்லவே இல்லையேப்பா."

"இதையுமா சொல்லுவாக?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்தாள். பிரேக் கம்பியைக் கழற்றிக் கால் பக்கம் இழுத்தாள். அவள் கழற்றிய திருகாணிகளை அவர் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"ஆச்சா?"

"பறக்காதியப்பா."

நாற்காலிக்கு மாறி, குதிகாலால் மிதித்தார். எழுந்தார். கைகள் நெஞ்சுக்கு நேரே கூடின.

மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். ஒவ்வொரு முறையும் சின்னவள் "வாங்க சம்பந்தி!" என்று கத்தினாள்.

"சும்மா எந்திரிச்சா பத்தாது. வாசல்ல ஆளு வரணும்," என்றார் அவர்.

சின்னவள் வாசலுக்கு ஓடினாள்.

"நீ வேண்டாம்."

சின்னவள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

பெரியவள் தானே தேடிக்கொண்ட கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அந்த வீட்டார் ஒருவரும் இந்தப் படியேறியதில்லை. நாற்காலியை வேனில் கொண்டுவந்த அவள் மாமனார், காலையிலிருந்து தெருவிலேயே இருந்தார்.

அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"வேன்ல ஒம் மாமனார் இருக்காவல்லா. உள்ள வரச் சொல்லு."

பெரியவள் கையில் இருந்த திருப்புளியைக்கூட வைக்காமல் ஓடினாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

படியில் செருப்புக் கழற்றும் சத்தம். ஆள் இன்னும் கண்ணில் படவில்லை.

அவர் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார்.