வீட்டுக்குள் ஒரு எதிர்க்கட்சி

"நிலக்கரியை நிறுத்திட்டா கரண்ட் எங்கேருந்து வரும்? உங்க டாக்டரம்மா சைக்கிள் மிதிச்சுக் கொடுப்பாங்களா?"

அம்மாவின் குரல் மாடிப்படி வரை கேட்டது. வார விடுமுறைக்கு வந்த மகள், தோள் பையைக்கூட இறக்காமல் அறைக்குள் ஓடினாள்.

கட்டிலில் அப்பா. மடியில் இரண்டு வேட்பாளர்களின் நோட்டீஸ். முகம் சிவந்து கிடந்தது.

அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் டர்பைன் பார்த்தவர். பக்கவாதம் வந்து ஆறு வாரம். கை கால் கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. "தண்ணி", "போதும்" என்ற இரண்டே வார்த்தைகளில் போன வாரம் வரை காலம் தள்ளினார்.

அந்த நிலையத்தைப் பத்து வருஷத்தில் மூடிவிட்டு வீட்டுக்கு வீடு சோலார் வைப்பேன் என்கிறார் தேர்தலில் நிற்கும் டாக்டரம்மா. மூடவே மாட்டேன், பக்கத்தில் இன்னொன்று கட்டி ஆயிரம் பேருக்கு வேலை தருவேன் என்கிறார் அவரை எதிர்த்து நிற்கும் லாரி முதலாளி.

அம்மா லாரி முதலாளிக்காக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா நோட்டீஸை விரலால் குத்தினார். உதடு கோணியது.

"சாம்... சாம்பல்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க... கொட்டுவான்?"

"ஆத்துலதான்! வேற எங்க?" என்றாள் அம்மா, கூச்சமே இல்லாமல்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"முடியாத மனுஷன்கிட்ட என்னம்மா சண்டை? அதுவும் அந்த லாரிக்காரனுக்காக!"

வெளியே கேட்காமலிருக்க அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

"என் ஓட்டும் டாக்டரம்மாவுக்குத்தாண்டி. கொஞ்சிப் பேசினா தலையை ஆட்டிட்டுப் படுத்துக்கிறாரு. கோபம் வந்தாத்தான் வாயைத் திறக்கிறாரு. நேத்து நாலு வார்த்தை. இன்னைக்குப் பதினொண்ணு."

சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மகள் மெல்ல அறைக்குத் திரும்பினாள். அப்பா அவளைக் கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா... நம்ம பக்கந்தான். எனக்கு... தெரியும்."

கோணிய வாயில் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து வந்தார்.

"மூணாவதா... நிக்கிற ஆளு... நோட்டீஸ்... வாங்கிட்டு வா. பாவம்... உங்கம்மாவுக்கு... பாயின்ட் தீர்ந்துபோச்சு."