கடைசிக் கரித்துண்டு

கல்லூரி ஆய்வகத்தில் மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறாள் வேல்விழி; காற்றடித்தால் கரித்தூள் பறந்துவிடும். வியர்வை கழுத்தில் இறங்குகிறது. எதிரே, சுவரோரம் முக்காலியின் நுனியில் சின்னத்தாய். ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் இறந்துபோன தங்கச்சாமியின் மனைவி. டீ போட அவன் மரத்தடியில் விறகு மூட்டியதால்தான் தீப்பொறி பறந்தது என்கிறது கம்பெனி. அந்த மரத்தடியில் அள்ளிய கரித்துண்டுகளைத்தான் வேல்விழி ஒவ்வொன்றாக உடைத்து நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறாள். வெடித்த அறையிலிருந்து பறந்து அங்கே போய் விழுந்து எரிந்த கதவு தேக்கு. அதன் நுண்துளைகள் ஆண்டு வளையத்தோடு வரிசைகட்டி நிற்கும். விறகு என்றால் இந்தப் பக்கம் சீமைக்கருவேலம்தான். துளைகள் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றின் இருபுறமும் சிறகு முளைத்தது போல. எரிந்து கரியானாலும் அந்த அமைப்பு அழியாது.

"இதுவும் கதவுதாங்க்கா."

"நாந்தான் சொன்னேன்ல டீச்சர். அவுக கம்பெனிக்குள்ள பீடிகூடத் தொடமாட்டாக." சின்னத்தாயின் முதுகு இப்போதுதான் சுவரில் சாய்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

பையில் மிச்சம் ஒரு துண்டு. விரல் நீளம்கூட இல்லை. டக்கென்று முறிகிறது, முறிந்த இடம் விளக்கொளியில் கருநீலமாக மின்னுகிறது. வேல்விழி நுண்ணோக்கியின் குமிழை மெல்லத் திருகுகிறாள். மங்கல் விலகுகிறது. வரிசை எதுவும் இல்லை. துளைகள் சிதறிக் கிடக்கின்றன, சிறகுகளோடு.

"அதுவும் கதவுதான டீச்சர்?" தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டே கேட்கிறாள் சின்னத்தாய்.

வேல்விழி இன்னொரு முறை குமிழைத் திருகுகிறாள். படம் மங்குகிறது, தெளிகிறது, அதேதான். கண்ணை எடுத்தால் பதில் சொல்ல வேண்டும். எடுக்காமலே குனிந்திருக்கிறாள்.