நடுவில் பத்தடி

இரண்டு வயல்களுக்கு நடுவே, பத்தடி அகலத்துக்குப் புல்லும் புதருமாக மண்டிக் கிடந்த நிலத்தைப் பார்த்ததும் வேளாண்மை அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

“பறவைங்களுக்காகக் கொஞ்சம் நிலத்தை உழாம விடுங்க, அரசாங்கம் மானியம் தருதுன்னு ஊர் ஊராப் போய்த் தொண்டை கிழியக் கத்துறேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல. நீங்க யாரும் சொல்லாமலே விட்டிருக்கீங்களே! எத்தனை வருஷமா?”

“எட்டு வருஷமா ஏர் படல சார்” என்றார் இந்தப் பக்கத்து வயல்காரர்.

“அந்தப் பக்கம் உங்க தம்பி வயலாமே? அவரும் சம்மதிச்சாரா?”

“அவனும் அதே பிடியாத்தான் நிக்கிறான்.”

அதிகாரி நெகிழ்ந்துபோய், எதிர் வயல் ஓரத்தில் நின்ற தம்பியையும் கைகாட்டி அழைத்தார். “அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்! ரெண்டு பேரும் நடுவுல வந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

இருவரும் அவரவர் வயல் ஓரத்தை விட்டு அசையவில்லை.

பக்கத்தில் நின்ற அண்ணன் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “வர மாட்டாங்க சார். அந்த இடம் யாருக்குன்னு கோர்ட்டுல கேஸ் நடக்குது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னே எட்டு வருஷமாச்சு. தீர்ப்பு வந்த அன்னிக்கே, ஜெயிச்சவர் டிராக்டரை இறக்கிடுவார்.”

போனைப் பிடித்திருந்த அதிகாரியின் கை தானாகக் கீழே இறங்கியது.

அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “போட்டோதானே? நான் நிக்கிறேன்!” என்று புதருக்குள் காலைத் தூக்கினார்.

“அண்ணே, பாத்து! காடைக்குஞ்சு!” எதிர்ப்பக்கத்திலிருந்து தம்பி அலறினார்.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

“எங்கடா?” என்றார் அண்ணன்.