சின்னவங்க முதல்ல

"நீதான் முதல்ல சொல்லணும். சின்னவங்க முதல்ல, பெரியவங்க பொறவு. நான் வாயத் தொறந்துட்டா உன் மூக்கு எனக்கு ஜால்ரா தட்ட ஆரம்பிச்சிரும். எங்க தொழில்ல அதான் சட்டம்" என்றார் தேவஇரக்கம்.

விஜியின் திட்டம் முதல் பேச்சிலேயே கவிழ்ந்தது. பெரியவர் சொல்வதைக் கேட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று நம்பித்தான் தளவாய்புரத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். அது போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் இப்போது அவளுக்கு ஒன்றுதான். "தானா வரும், எப்பன்னு மட்டும் கேக்காத" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

வெளிநாட்டு ரம் இறக்குமதி செய்யும் கோவா கம்பெனி ஒன்று, தேவஇரக்கம் சுவைத்துச் சொல்லாமல் ஒரு பீப்பாய்கூட வாங்காது. அவர் 'தேறிட்டா' என்று ஒரு வரி எழுதினால் போதும். விஜிக்கு அவரிடமே உதவியாளர் வேலை. அதற்கு முன்னால் ஜமைக்காவில் ஆறு மாதப் பயிற்சி.

நைட்டி தைக்கிற குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையதுதான். "சாராயத்த மோந்து பாக்கவா பிள்ளையப் படிக்க வச்சீங்க?" என்று அம்மாவிடம் கேட்ட சித்தப்பாவை, "நீங்க மோந்து பாக்காமலே குடிக்கிய. நான் குடிக்காமலே மோந்து பாக்கப் போறேன். இதுல யாரு மேலு?" என்று மடக்கியவள் அவள். முகத்துக்கு நேரே பேசித்தான் பழக்கம். பொய் சொல்ல வராது. இன்றைக்கு அதுவே பெரிய இடைஞ்சல்.

தேவஇரக்கத்தின் மனைவி கிருபாபாய் எட்டிப் பார்த்தாள். "செத்த நேரம் பியூலா வீட்டு வரைக்கும் போயிட்டு வாரேன். பிள்ளைய அழ வச்சிராதிய" என்றுவிட்டுப் படியிறங்கினாள்.

அடி பருத்து வாய் குறுகிய இரண்டு கிளாஸ்களில் தேவஇரக்கம் ரம்மை ஊற்றினார். சீயக்காய்த் தண்ணீர் நிறம்.

"ஜமைக்கா சரக்கு. மரப் பீப்பாயில முப்பது வருசம் கெடந்தது."

"என்னவிட ஏழு வயசு மூப்பு சார்."

"அப்ப அண்ணாச்சின்னு கூப்பிடு. ம், மோந்து பாரு."

விஜி மூக்கை உள்ளே விட்டாள். காரம் மட்டும் சுருக்கென்று குத்தியது. வாசம் துளியும் இல்லை. கல்லூரி லேபில் என்றைக்கோ மோந்த ஜமைக்கா ரம்மை நினைவிலிருந்து இழுத்துப் பிடித்தாள்.

"அழுகப்போற வாழைப்பழம் சார்."

அவர் தன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "ம்ம். பொறவு?"

"மாம்பழம். நம்ம ராஜபாளையம் சப்பட்டை. வைக்கோல்ல ரெண்டு நாள் கூடுதலாக் கெடந்தது."

"அப்படிச் சொல்லு!" ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். "இன்னும்?"

இந்த மனுசன் பொய்யை எப்போதுதான் பிடிப்பார்? பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "மழையில நனைஞ்ச பஞ்சு மூட்டை."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரம்மில் எவனாவது பஞ்சு மூட்டையை மோந்திருக்கிறானா?

தேவஇரக்கம் இன்னொரு முறை ஆழமாக இழுத்தார். "கரெக்ட்டு! எனக்கும் அந்தா இந்தான்னு போக்குக் காட்டிக்கிட்டே இருந்துச்சு. நீ பிடிச்சுட்ட பாரு."

விஜிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன்மேலேயே. இவ்வளவு பெரிய மூக்குக்காரரை இப்படி ஏமாற்ற வேண்டியிருக்கிறதே!

"இப்ப வாயில விடு. முழுங்கிராத."

நாக்கு மட்டும் இன்னும் உயிரோடுதான் இருந்தது. ஒரு மடக்கை வாயில் சுழற்றித் தொட்டியில் துப்பினாள். இதிலாவது பொய் சொல்லக்கூடாது.

"சார், உள்ளதச் சொல்லட்டா? மரக்கட்டையச் சப்புன மாதிரி இருக்கு. கசப்பேறி நாக்கு வறண்டு போச்சு. முப்பது வருசம் ரொம்ப ஓவரு. இருபதுலயே பீப்பாய விட்டு இறக்கியிருக்கணும். வயசாயிருச்சுங்கிறதுக்காக எல்லாத்தையும் கும்பிட முடியுமா?"

அவரும் ஒரு மடக்கு வாயில் விட்டு, சுழற்றித் துப்பினார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏட்டி, இதத்தான் நானும் நெனச்சேன்! கம்பெனிக்காரன் லேபிள்ல உள்ள வயசப் பாத்து மயங்கிக் கெடக்கான். அவன் மூஞ்சிக்கு நேரா இப்படிச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா!"

காகிதத்தில் 'தேறிட்டா' என்று எழுதி, நீளமாகக் கையெழுத்தும் போட்டு நீட்டினார். விஜி வாங்கிக்கொண்டாள். ஜமைக்கா கைக்கு வந்துவிட்டது. காகிதத்தைத் திரும்ப மேசைமேலேயே வைத்தாள்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும்..."

வாசல் கதவு படாரென்று திறந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி கிருபாபாய் ஓடிவந்து, இருவரையும் தாண்டி அடுப்படிக்குள் பாய்ந்தாள். பாத்திரம் உருண்ட சத்தம். கரிக்கட்டையாகிப்போன பால்சட்டியோடு திரும்பி வந்து நின்றாள்.

"தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை அடிக்கு, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டா இருக்கிய? எங்க வீட்டுக்காரவிய மூக்கு செத்து ரெண்டு வருசமாச்சு, அவியளச் சொல்லிக் குத்தமில்ல. மூக்குள்ள பிள்ளை ஒண்ணு வீட்டுல இருக்கேங்கிற தைரியத்துலல்லா நான் அடுப்புல பால வச்சுட்டுப் போனேன்!"